நல்ல தண்ணியில் கழுவிய கல்

1

நேற்று வெள்ளிக்கிழமையோடு நான் இந்த வேலைக்கு வந்து ஆறு மாதம் முடிந்தது. நோர்வேயில் ஆறு மாதத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அதுதான் தகுதிகாண் காலம். அதற்குள் உங்களைப் பிடிக்காவிட்டால் லேசாக அனுப்பிவிடுவார்கள். அது கடந்துவிட்டால் லேசில் அசைக்க மாட்டார்கள். என் விசா இந்த வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் விசாவும் ஆட்டம் காணும். பிறகு பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் ஊர் பண்டத்தரிப்புக்குத் திரும்பிப் போய், "என்ன பிள்ளை, லீவோ?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் பல்லைக் காட்ட வேண்டும்.

ஊரில் இருக்கும் சிநேகிதிகள் போனில் கேட்பார்கள்: "நீ உண்மையிலை அங்கை என்னடி செய்யிறாய்?"

"கல்லுக் கழுவுறன்."

பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள். பகிடி இல்லை. பேராதனையில் நான்கு வருடம் நிலவியல் படித்து, இங்கே வந்து இன்னும் இரண்டு வருடம் படித்து, ஸ்டவாங்கர் நகரத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் கல்லைத்தான் கழுவுகிறேன். இந்தக் கிழமை அந்தக் கழுவலால் வேலை போகப் பார்த்தது. சூடு ஆற முன் எழுதிவிடுகிறேன். கடகடவென்று தட்டுகிறேன், திருத்திப் பார்க்கப் பொறுமை இல்லை. பிழை கண்டால் நீங்களே திருத்தி வாசியுங்கள்.

2

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சம் ஒன்றும் விளங்காது.

கடலுக்கு அடியில் எண்ணெய் தேடுகிறவர்கள் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆழத்திலிருந்து மணற்கல்லைத் தூண் மாதிரி வெட்டி மேலே எடுப்பார்கள். அதிலிருந்து பெருவிரலை விடக் கொஞ்சம் நீளமான சின்ன உருளைகளைக் குடைந்து எங்களிடம் தருவார்கள். நான் அவற்றைக் குற்றி என்றுதான் சொல்வேன். ஒவ்வொரு குற்றியிடமும் நாங்கள் இரண்டு கேள்வி கேட்கிறோம். உனக்குள் வெற்றிடம் எவ்வளவு? அந்த வெற்றிடத்துக்குள்ளால் தண்ணீரோ எண்ணெயோ எவ்வளவு லேசாகப் போகும்? பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு நுண்துளைமை, உட்புகவிடும் தன்மை என்று வாய் உளைகிற பெயர்கள் இருந்தன. நான் இடம், வழி என்று எழுதுகிறேன்.

இடம் இருந்தால் வழி இருக்கும் என்று நினைப்பீர்கள். காலை ஏழு மணிக்கு மருதனார்மடம் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கடைகளுக்கு நடுவே வெளி இருக்கும். யாரோ ஒருவர் ஒடுக்கமான வாசலில் வாழைக்குலைகளை இறக்கி அடுக்கிவிட்டு விலை பேசிக்கொண்டு நிற்பார். வெளி குறையவே இல்லை. ஆனால் ஒரு மனிசரும் அங்கால் போக ஏலாது. இன்னொருவர் மழைக்குப் படங்கு கட்ட இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் குறுக்கே கயிறு இழுத்திருப்பார். கயிறு பிடிக்கிற இடம் ஒன்றுமில்லை. நடக்கிறவரின் கழுத்துக்கு அதுவே காணும்.

மணற்கல்லுக்குள் களி செய்வது இதைத்தான். மணிகளுக்கு நடுவே ஒரு வகைக் களி தாள் அடுக்கினது மாதிரிக் குவிந்து கிடக்கும். இன்னொரு வகை மயிர் மாதிரி நீண்டு குறுக்கே ஓடும். ஒரே அளவு இடமுள்ள இரண்டு குற்றிகளில் ஒன்றால் தண்ணீர் ஓடும், மற்றதால் கசியவும் மாட்டாது. எவ்வளவு களி என்று கேட்டால் பாதிப் பதில்தான் வரும். என்ன களி, எந்த இடத்தில் குந்தியிருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

வலிகாமத்துப் பிள்ளையான எனக்கு இது பெரிய புதினமாக இருந்தது. எங்கள் ஊர் நிலம் சுண்ணாம்புக்கல். தண்ணீர் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் தன் பாட்டுக்குப் போகும். மணற்கல்லுக்குத்தான் இவ்வளவு குணம்.

3

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா பதினைந்து வருடத்துக்கு முன் கலியாணம் செய்து இங்கே வந்தவள். வயோதிபர் இல்லமொன்றில் வேலை. அத்தான் கப்பலில் சமையல், மாதத்தில் பாதி கடலில். அவர்களுக்கு மீரா என்று ஒரு மகள், ஒன்பது வயது. அக்கா தமிழில் கேட்பாள், மீரா நோர்வே மொழியான நொர்ஸ்கில் பதில் சொல்வாள். இரண்டு வானொலி ஒரே நேரம் ஓடுகிற மாதிரி இருக்கும். பிள்ளையிடம் மிஞ்சியிருக்கும் தமிழ் சித்தி, சோறு, வேண்டாம். கடைசிச் சொல்தான் கூடப் பாவிக்கப்படுகிறது.

என் நொர்ஸ்கும் பெரிய சீர் இல்லை. விசா எடுக்கப் பொலிஸ் அலுவலகத்துக்குப் போனபோது கவுண்டரில் இருந்த மனிசி ஏதோ கேட்டார். பாதிதான் விளங்கியது. நான் எங்கள் ஊர் மாதிரித் தலையை இரண்டு பக்கமும் சரித்து ஆட்டினேன். அவர் இல்லை என்று பதிந்துவிட்டார். உண்மையில் ஓம். அந்த ஒரு ஆட்டலைத் திருத்த மூன்று கடிதம் எழுத வேண்டி வந்தது. அதற்குப் பிறகு நான் அரச அலுவலகங்களில் கழுத்தை அசைப்பதில்லை.

ஒரு விசயம் மட்டும் மொழி தெரியாமலே எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். உப்பு.

எங்கள் வளவுக் கிணறு மாரியில் நல்ல தண்ணி, ஆடி ஆவணியில் உவர். கோடையில் பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் சைக்கிளில் இரண்டு பிளாஸ்ரிக் கானைக் கட்டிக்கொண்டு குடிதண்ணிக்குப் போவது என் வேலை. உவர்த் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு அவியாது, தலைமயிர் தும்பாகும். சைக்கிள் றிம்மைக்கூட அம்மா நல்ல தண்ணியால் துடைக்கச் சொல்வா. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனால் முதலில் கடலில் முழுக்கு. பிறகு நேரே கேணிக்குள். ஆம்பிளையளுக்குக் கடலோடு ஒட்டினாற் போல் திறந்த கேணி, பெண்களுக்குச் சுவர் கட்டின வேறு கேணி. அங்கே ஊறுவது நல்ல தண்ணி. உடம்பில் ஒரு துளி உப்பு மிச்சம் இல்லாமல் கழுவிப்போட்டுத்தான் உடுப்பு மாற்றுவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. உப்பு கழுவ வேண்டியது, அவ்வளவுதான்.

4

திங்கட்கிழமை.

கடலடிக் கல்லுக்குள் இருப்பது உப்புத் தண்ணீர். ஆகவே நாங்களும் அதே அளவு உப்புக் கலந்த தண்ணீரைத்தான் பம்பால் தள்ளி, எவ்வளவு அழுத்தத்தில் எவ்வளவு போகிறது என்று பார்ப்போம். சோதனை முடிந்தவுடன் உப்பை எடுக்க வேண்டும். எடுக்காமல் காய வைத்தால் உப்பு கட்டியாகி வழியை அடைத்துவிடும். உப்பை எடுப்பதற்கு மெதனோல் என்று ஒரு திரவம் இருக்கிறது, சாராயத்தின் ஒன்றுவிட்ட சகோதரம். ஒரு கண்ணாடிச் சாதனத்துக்குள் அதில் ஊறப்போட்டால் உப்பு மெல்ல மெல்ல வெளியே வரும். அதற்கு நாட்கள் எடுக்கும். திங்கள் அந்தச் சாதனத்தில் இடம் இல்லை. ஏற்கனவே வரிசை.

எனக்கு அவசரம். தகுதிகாண் காலத்தின் கடைசிக் கிழமை, கெதியாக முடித்தால் நல்ல பெயர். பம்பில் உப்புத் தண்ணீர்ப் போத்தலைக் கழற்றிவிட்டு வடித்த தண்ணீரைப் போட்டேன். உப்பில்லாத, அப்பழுக்கில்லாத நல்ல தண்ணி. நல்ல தண்ணியால் கழுவினால் உப்புப் போகும். இதற்குப் படிப்பு வேண்டுமா?

முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அழுத்தமானி ஏறத் தொடங்கியது. குழாய் மடிந்திருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. இன்னும் ஏறியது. கையை வைக்க முன் பம்ப் தானாகவே நின்றுவிட்டது. அளவுக்கு மீறி அழுத்தம் வந்தால் நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள்.

வேகத்தைக் குறைத்துத் திரும்பவும் ஓட்டினேன். காலையில் தண்ணீர் போன வழியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கதிரையில் இருந்தேன். அப்போதுதான் அந்தக் குற்றியின் கனிம அறிக்கையைத் திறந்து பார்த்தேன். கழுவ முன் பார்த்திருக்க வேண்டியது. அதற்குள் இருந்தது தண்ணீரைக் கண்டால் ஊதுகிற களி. உப்புத் தண்ணீருக்குள் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். உப்பை எடுத்தால் தாளுக்குத் தாள் நடுவே தண்ணீரை இழுத்து வீங்கும், பிரிந்து போய் வாசல்களில் குந்தும். கீழே பல கோடி வருடம் அந்தக் கல்லைத் திறந்து வைத்திருந்தது உப்பு. நான் அதைப் பத்து நிமிடத்தில் கழுவி எடுத்துவிட்டேன்.

அந்த ஆழத்தில் உடையாமல் கிடைத்தது அந்த ஒரே குற்றிதான். வேறு இல்லை.

5

பின்னேரம் குசினியில் அக்காவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஆரும் கண்டவையோ?"

"இல்லை."

"அப்ப வெள்ளி வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டிரு. நிரந்தரமாக்கின கடிதம் கையிலை வரட்டும். பேந்து சொல்லு."

"பேந்து சொன்னால் ஏன் பிந்திச் சொன்னனி எண்டு கேப்பினம்."

"கேட்டால் கேக்கட்டும். நிரந்தரமாக்கின பிறகு கேக்கிறது வேறை, முந்திக் கேக்கிறது வேறை. இஞ்சை பார் நிரோ, நான் இந்த நாட்டிலை கிழவியளுக்குக் கால் கழுவி நிமிர்ந்தனான். நீ கல்லுக் கழுவியே விழப் போறாய்?"

நல்ல கேள்விதான். ஆனால் செவ்வாய் காலை வேலைப் பட்டியலைப் பார்த்தபோது அந்தக் குற்றி அடுத்த சோதனைக்கு இன்னொருவரின் பெயரில் போடப்பட்டிருந்தது. அவர் மூன்று கிழமை மினக்கெடப் போகிறார், செத்த கல்லோடு. அது எனக்குத் தாங்கவில்லை. ஸ்டைனாரின் அறைக்குப் போனேன்.

ஸ்டைனார்தான் எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளர். நீளமான மனிதர், குறைவாகக் கதைப்பார். அவர் கதைப்பது நொர்ஸ்க். நான் எங்கள் பேச்சில் மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் எங்கள் பக்கத்து ஊர் சங்கானையில் பிறந்தவர் மாதிரி ஒலித்தால் பழி என்னுடையது.

"என்ன தண்ணி?"

"வடிச்ச தண்ணி."

"எவ்வளவு நேரம்?"

"பத்து, பதினைஞ்சு நிமிசம்."

"பம்ப் தானாய் நிண்டதோ, நீ நிப்பாட்டினியோ?"

"தானாய்."

வேலைப் பட்டியலில் அந்தக் குற்றியை வெட்டிவிட்டார். "வாடிக்கையாளருக்கு நான் சொல்லுறன். நீ பிழைப் பதிவுப் படிவத்தை நிரப்பு. நாளைக்குக் காலமை என்ரை மேசையிலை இருக்கவேணும்."

இந்த நாட்டில் எது பிழைத்தாலும் ஒரு படிவம். அழக்கூட ஒரு படிவம் இருக்கும் என்று நினைக்கிறேன். என்ன நடந்தது, எப்போது நடந்தது, மூலகாரணம் என்ன. நொர்ஸ்கில் எழுத வேண்டும். நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

6

அன்று பின்னேரம் குசினி மேசையில் நானும் மீராவும். அவள் கணக்குச் செய்தாள், நான் குற்ற ஒப்புதல் எழுதினேன். மூலகாரணம் என்ற பெட்டியில் முதலில் "அவசரம்" என்று எழுதினேன். அது பாதி உண்மை. அவசரம் மட்டும்தான் காரணம் என்றால் கையில் அகப்பட்ட எதையும் ஊற்றியிருக்கலாமே, ஏன் நல்ல தண்ணியை எடுத்தேன்? வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினேன். நான் வளர்ந்த இடத்தில் உப்பு என்பது கழுவ வேண்டிய அழுக்கு. கடலில் குளித்தால் உடனே நல்ல தண்ணீரில் குளிப்போம். கல்லையும் நான் அப்படியே கழுவிவிட்டேன்.

"மீரா, உதிலை பிழை இருக்கோ எண்டு பார்."

பிள்ளைக்கு என் நொர்ஸ்கைத் திருத்துவது உலகத்திலேயே பெரிய சந்தோசம். பென்சிலோடு வந்தாள். வினைச்சொல்லை அங்கால் தூக்கிப் போட்டாள். பிறகு நின்று, நொர்ஸ்கில்தான் கேட்டாள்; அவள் பேச்சையும் நான் எங்கள் பேச்சில் மாற்றியே எழுதுகிறேன்.

"ஏன் ரெண்டு தரம் குளிக்கிறது?"

"ஒண்டு கடல். உப்பு. மற்றது கேணி. நல்ல தண்ணி."

"கேணி எவ்வளவு தூரம்?"

"ஒரு மதில்தான் நடுவிலை."

"கடலுக்குப் பக்கத்திலை உப்பில்லாத தண்ணியோ? பொய் சொல்லாதை சித்தி."

"மெய்யடி. நிலத்துக்குக் கீழாலை வருது. சுண்ணாம்புக்கல்லு, ஓட்டை."

போனை எடுத்துப் படம் தேடினாள். கேணியையும் அதற்கு அங்கால் கடலையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "உதை ஏன் ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள், தாயைத் திரும்பிப் பார்த்து.

"நூறு தரம் சொன்னனான்," என்றாள் அக்கா, அடுப்படியில் இருந்து. "நீ காதிலை ஒண்டைச் செருகிக்கொண்டு இருந்தனி."

"நீ கோயில் எண்டுதான் சொன்னனி. தண்ணி எண்டு சொல்லேல்லை."

அக்கா கரண்டியைக் கழுவத் தொடங்கினாள். மீரா திரும்பவும் படிவத்துக்கு வந்தாள். பென்சில் நுனி அடியில் போய் நின்றது.

"சித்தி, நீ இதை விட்டிட்டாய்."

விடவில்லை. பார்த்துக்கொண்டுதான் கடந்தேன். இது முன்னரும் நடந்திருக்கிறதா? ஆம், இல்லை. இரண்டு சின்னப் பெட்டிகள்.

நடந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னர், வேறொரு எண்ணெய்க் கிணற்றுக் குற்றிகள் இரண்டு. அன்றும் மெதனோலுக்கு வரிசை. அன்றும் நல்ல தண்ணியால் கழுவினேன், அதுவும் வேகம் குறைத்து, ஐந்தே நிமிடம். மானி அசையவில்லை. கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காய வைத்துக் கொடுத்துவிட்டேன். பிறகு அவற்றில் இன்னொருவர் வேறு சோதனை செய்து, அறிக்கையும் போய்விட்டது. ஸ்டைனாருக்குத் தெரியாது. திங்கட்கிழமை வரைக்கும் எனக்கே அது பிழை என்று தெரியாது.

அக்காவுக்கு என் முகத்தைப் பார்த்தாலே காணும். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எத்தினை?"

"ரெண்டு."

"இல்லை எண்டு போடு."

"அக்கா."

"ஒண்டு சொன்னதே காணும். உன்னை ஆர் போய்த் தோண்டப் போறான்? ஒரு தரம் எண்டால் பிழை. மூண்டு தரம் எண்டால் உனக்கு வேலை தெரியாது எண்டு அர்த்தம். விசர் வேலை பாக்காதை."

"எனக்கு வேலை தெரியாமல்தானே இருந்தது."

"அதை எழுதிக் குடுக்க வேணுமோ?"

மீரா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தமிழ் விளங்காது என்று நாங்கள் நினைத்துக் கதைக்கிறபோதெல்லாம் அவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். பென்சிலை மேசையில் வைத்துவிட்டுத் தன் கணக்குக்குப் போனாள்.

நான் பெரிய நீதிமான் இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ்ச் சோதினைக்குப் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதினவள். ஆனால் அந்த இரண்டு குற்றிகளுக்குள்ளும் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மானி அசையாதது ஐந்து நிமிடத்துக்கு. பிறகு? அந்த அறிக்கையை வைத்துக் கடலின் நடுவில் யாரோ எங்கே துளைப்பது என்று கோடு போட்டிருப்பார்கள். தெரியாத ஒன்றுக்கு இல்லை என்று போடக் கை வரவில்லை. ஆம் என்ற பெட்டியில் புள்ளடி போட்டேன். அக்கா அன்று என்னோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் போட்டாள், வழக்கத்தை விடக் கூட.

7

புதன் காலை ஸ்டைனார் நின்றபடி வாசித்தார். மூலகாரணத்துக்கு வந்ததும் புருவம் உயர்ந்தது. அடிக்கு வந்ததும் கதிரையில் இருந்தார்.

"எந்தக் குற்றியள்?"

இலக்கங்களைச் சொன்னேன்.

"நேற்று ஏன் சொல்லேல்லை?"

"நேற்று நீங்கள் ஒண்டைப் பற்றித்தான் கேட்டனீங்கள்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "உனக்கு வாய் நீளம்," என்றார். "உன்ரை கடிதம் போன கிழமையே வந்திட்டுது. என்ரை லாச்சியிலை கிடக்கு. நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை. அந்த ரெண்டு குற்றியும் என்ன சொல்லுது எண்டு முதல் பாப்பம்."

களஞ்சியத்திலிருந்து இரண்டையும் எடுத்து வந்து, காற்றை உறிஞ்சி, உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டோம். நன்றாக ஊறுவதற்கு நேரம் வேண்டும். வெள்ளி காலைதான் ஓட்டலாம். நான் ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் நிற்பார்.

வியாழன் அம்மா போன் எடுத்தா. ஊரில் மழையாம், கிணற்றில் தண்ணி கட்டு வரைக்கும் வந்துவிட்டதாம்.

"நிரந்தரமாக்கிப்போட்டினமோ?"

"நாளைக்குத் தெரியும் அம்மா. ரெண்டு கல்லுச் சொல்லவேணும்."

"கல்லோ?"

"ஓம். கல்லுத்தான் இப்ப எனக்கு நீதவான்."

"மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்திருக்கிறன்."

"அம்மா, அவருக்கு மணற்கல்லு, களியெல்லாம் தெரியுமோ?"

"மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தவருக்கு உன்ரை விரலளவு கல்லுத் தெரியாதோ? போடி."



8

வெள்ளி. எட்டு மணிக்கு முதலாவது குற்றி.

பம்பைத் தொடங்கினேன். ஸ்டைனார் கோப்பியோடு பக்கத்தில் நின்றார். மானி கொஞ்சம் ஏறி, நான் கழுவ முன் இருந்த பழைய அளவில் வந்து நின்றது. பத்து நிமிடம். அரை மணி. அசையவில்லை.

அந்தக் குற்றிக்குள்ளும் களி இருந்தது. ஆனால் அது மணிகளைச் சுற்றி மெல்லிய பச்சைத் தோலாக ஒட்டிக்கிடக்கிற களி. மதிலில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி, நடக்கிறவருக்கு இடைஞ்சல் இல்லை. ஊதுவதும் இல்லை, கழன்று வருவதும் இல்லை. ஆழத்தில் மணிகள் மேல் புதிய படிகம் வளர்ந்து இடத்தை மூடப் பார்க்கும்போது, இந்தத் தோல்தான் குறுக்கே நின்று தடுக்கிறது. களி என்றாலே கெடுதி என்று நினைத்திருந்தேன். அந்தக் கல்லுக்குள் இடம் மிஞ்சியிருப்பதே களியால்தான்.

"இது ஒண்டும் செய்யேல்லை," என்றார் ஸ்டைனார். "மற்றதைப் போடு."

இரண்டாவது குற்றிக்குள் இருந்தது தாளடுக்குக் களி. அது வீங்காது. ஆனால் உப்புக் குறைந்தால் பிடி தளரும். தாள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீரோடு போய், ஒடுக்கமான வாசலில் சிக்கும். சிக்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மானி பழைய அளவுக்கு வந்தது. தாண்டியது. இன்னும் கொஞ்சம் ஏறி, நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கோப்பியை அவர் கையிலேயே ஆறவிட்டார். மானி இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

கணக்குப் போட்டேன். வழியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது.

செத்த கல் இல்லை. பழைய கல்லும் இல்லை. அதில் பிறகு செய்த சோதனை செல்லாது. போன அறிக்கையைத் திருப்பி எடுக்க வேண்டும்.

"ஐஞ்சிலை ஒண்டு," என்றேன்.

"கண்டனான்."

அவருடைய அறைக்குப் போனோம். "இரு," என்றார். இருந்தேன். லாச்சியைத் திறந்து என் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார், எழுத்து அவர் பக்கம் பார்க்க. பிறகு போனை எடுத்து இரண்டாவது குற்றியைத் தந்த வாடிக்கையாளரின் நிலவியலாளருக்கு அழைத்து, நானும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்தார். எடுத்தது ஒரு பெண் குரல். ஸ்டைனார் சுற்றி வளைக்கவில்லை. எந்தக் குற்றி, எந்தச் சோதனை, உப்பில்லாத தண்ணீர், ஐந்தில் ஒன்று. அறிக்கையைத் திருப்பி எடுக்கிறோம், பக்கத்துக் குற்றியில் திரும்பச் செய்து தருகிறோம்.

மறுபக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

"உதை ஆர் கண்டுபிடிச்சது?"

"செய்த ஆளே எழுதித் தந்தது."

"ஆர் அது? புதுசா வந்த ஆரும் பழகுற ஆளோ?"

ஸ்டைனார் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த தாளைப் பார்த்தார். அவருடைய பெயருக்கு மேலே இருந்த கோடு அப்போதும் வெறுமையாகத்தான் இருந்தது.

"இல்லை," என்றார். "எங்கடை நிரந்தர ஆள் ஒராள்."

"அப்படியெண்டால் திங்கட்கிழமை நான் அங்கை வாறன். மிச்சக் குற்றியள் ஒவ்வொண்டையும் என்னத்தாலை கழுவினது எண்டு அந்த ஆளோடை நேரை இருந்து கதைக்கவேணும். ஆள் அண்டைக்கு அங்கை நிக்குமோ?"

ஸ்டைனார் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து மூடியைப் பல்லால் கழற்றினார்.

"நிப்பா," என்று சொல்லிக்கொண்டே கையெழுத்து வைத்தார்.